ஸ்விஃப்ட் டீசல் ரீமேப்: கம்பெனி பிளாக் எவ்வளவு பவர் தாங்கும்?

பாளையங்கோட்டைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 2014 மாடல் ஸ்விஃப்ட் விடிஐ இருக்கிறது. 2024 கடைசியில் நம்ம ஊரிலேயே செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இப்போது 1,42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எஞ்சினை இதுவரை யாரும் பிரித்ததில்லை என்று விற்றவர் சொன்னார்.

மனைவிக்குப் புனலூர். அடிக்கடி தென்காசி, செங்கோட்டை வழியாகப் போக வேண்டியிருக்கிறது. தென்காசி வரை ஒரு குறையும் இல்லை. ஆரியங்காவு ஏற்றத்தில் நான்கு பேர், பெட்டிகள், ஏசி எல்லாமாகப் போகும்போதுதான் பிரச்சினை. வளைவில் வேகம் குறைந்து எஞ்சின் 2,000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) கீழே வந்துவிட்டால் வண்டியில் உயிரே இல்லை. முன்னால் ஒரு டாரஸ் லாரி மாட்டிக்கொண்டால் உச்சி வரைக்கும் அதன் பின்னாலேயேதான்.

ரீமேப், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிப் பவர் ஏற்றும் வேலை, செய்யும் ஒருவரிடம் கேட்டேன். 75 குதிரையை 110 ஆக்கலாம், டார்க்கை (எஞ்சினின் முறுக்கு விசை) 190-இலிருந்து 260 நியூட்டன் மீட்டருக்குக் கொண்டுபோகலாம், அதுவும் 1,800 ஆர்பிஎம்மிலேயே கிடைக்கும் என்றார். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாதா என்று கேட்டதற்கு, "இரும்பு பிளாக் சார், 150 குதிரை வரைக்கும் அசையாது" என்று சொல்லிவிட்டார். உண்மையா? கம்பெனி பிளாக், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடல், பயமில்லாமல் எவ்வளவு தாங்கும்? செய்து பார்த்தவர்கள், எஞ்சின் வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குற்றாலச் சாரல்:

என்னுடையதும் இதே வண்டிதான், ரீமேப் செய்து நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் நான் 110 எல்லாம் போகவில்லை. 90-ஐ ஒட்டி, டார்க் 220-க்குள் போதும் என்று சொல்லித்தான் செய்தேன். ஆரியங்காவில் நல்ல வித்தியாசம் தெரிகிறது. முதலில் கைவிட்டது கிளட்ச்தான். நாலாவது கியரில் மிதித்தால் ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி போகவில்லை. கிளட்ச் செட் மாற்றிய பிறகு தொந்தரவு இல்லை.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஆர்சி புக்கில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. இன்சூரன்ஸ்காரர்களிடம் சொல்லாமல் செய்தால் கிளெய்ம் நேரத்தில் அதை வைத்தே இழுத்தடிக்கலாம்.

பிளாக் பற்றி எனக்குத் தெரியாது. நம்ம ரீபோர் அண்ணாச்சி வந்தால் சொல்வார்.

ரீபோர் அண்ணாச்சி:

தம்பி, வணக்கம். வேலை முடித்து இப்போதுதான் பார்த்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுமையாகப் படியுங்கள். சின்ன வயதிலிருந்து போரிங் மெஷினிலும் ஹோனிங்கிலும் நிற்கிறவன் நான். அம்பாசடர், மெட்டாடார் காலத்துப் பிளாக்கிலிருந்து இப்போது வருகிற அலுமினியம் பிளாக் வரை கைக்கு வந்திருக்கிறது.

"எத்தனை குதிரை தாங்கும்" என்று கேட்டால் பிளாக்குக்குப் பதில் தெரியாது. அது குதிரையைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வெடிப்பிலும் சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்பது ஒன்று, அந்தச் சூடு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது இன்னொன்று. இந்த இரண்டும்தான் அதற்குத் தெரியும்.

உங்கள் எஞ்சின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 1,248 சிசி, போர் (சிலிண்டரின் குறுக்களவு) 69.6 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் தூரம்) 82. கம்பெனி சொல்லும் 75 குதிரை 4,000 ஆர்பிஎம்மில் வருவது. அந்த இடத்தில் டார்க் எவ்வளவு தெரியுமா? 132 நியூட்டன் மீட்டர்தான். 190 என்பது 2,000 ஆர்பிஎம்மில் வருவது, அங்கே பவர் வெறும் 54 குதிரை. பிளாக்கும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடும் அதிகமாகக் கஷ்டப்படுவது இந்த 54 குதிரை வரும் இடத்தில்தான், 75 வரும் இடத்தில் இல்லை.

இப்போது 4,000 ஆர்பிஎம்மில் 100 குதிரை வேண்டும் என்று வையுங்கள். அதற்கு 176 நியூட்டன் மீட்டர் இருந்தால் போதும். இந்தப் பிளாக் பிறந்த நாளிலிருந்து 2,000-இல் தாங்கிக்கொண்டிருக்கும் 190-ஐ விட அது குறைவு. மாறாக, உங்களிடம் சொன்னார்களே 1,800-இல் 260 என்று, அங்கே பவர் 67 குதிரைகூடத் தேறாது. காகிதத்தில் பார்த்தால் சாதுவான எண். ஆனால் சிலிண்டரின் சராசரி அழுத்தம் 19 பாரிலிருந்து 26 பாருக்குப் போகிறது (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). நூற்றுக்கு முப்பத்தேழு கூடுதல்.

கிணற்றில் நீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன வாளியில் வேகமாக இறைத்தாலும் தொட்டி நிறையும், பெரிய வாளியில் மெதுவாக இறைத்தாலும் நிறையும். தொட்டிக்கு இரண்டும் ஒன்றுதான், கயிற்றுக்கு ஒன்றல்ல. உங்களுக்குச் சொல்லியிருப்பது பெரிய வாளி.

அந்தக் கயிறு எது என்றால் கனெக்டிங் ராட். பிஸ்டனின் மேல்பரப்பு 38 சதுர சென்டிமீட்டர். வெடிக்கும்போது உச்ச அழுத்தம் 150 பார் என்று வைத்துக்கொண்டால், விரலளவு மெலிந்த அந்த ராடின் தலையில் ஐந்தே முக்கால் டன்னுக்கு மேல் விழுகிறது. 2,000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு ஆயிரம் தடவை இதை வாங்குகிறது.

பிளாக்கின் நிலைமை வேறு. வெடிப்பு ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) மேலே தள்ளுகிறது, கிராங்கை (கீழே சுழலும் தண்டு) கீழே தள்ளுகிறது. நடுவில் நிற்கும் பிளாக்கை ஹெட் போல்ட்டும் மெயின் பேரிங் போல்ட்டும் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கின்றன. வார்ப்பிரும்பை அமுக்கினால் மலைபோல் நிற்கும். இழுத்தால் அந்த பலத்தில் மூன்றில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோதான். அதனால் விரிசல் விடுவதென்றால் போல்ட் மரைகளைச் சுற்றியும் மெயின் பேரிங் அமரும் தடுப்புச் சுவரிலும்தான் தொடங்கும். சிலிண்டர் சுவர் பிறகுதான். "இரும்பு பிளாக் சார்" என்று சொல்பவரிடம் அந்தத் தடுப்பு எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனாலும் ஒன்றை மனதார உறுதியாகச் சொல்கிறேன். இந்த எஞ்சினில் பவர் தாங்காமல் பிளாக் தானாகப் பிளந்து என் மேஜைக்கு வந்ததில்லை. ஓட்டை விழுந்த பிளாக் வந்திருக்கிறது. வண்டிக்காரர் "பிளாக் உடைஞ்சிட்டு அண்ணாச்சி" என்றுதான் கொண்டுவருவார். உள்ளே பார்த்தால் ராட் முறிந்து பக்கவாட்டில் அடித்துக்கொண்டு வெளியே வந்திருக்கும். அந்தப் பழி பிளாக்குக்குச் சேராது. பொதுவாக வரிசை இப்படித்தான் போகும்: கிளட்ச், அப்புறம் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுவது), ஹெட் கேஸ்கட், பிஸ்டன், ராட். பிளாக்கின் முறை வருவதற்குள் வண்டி ரெக்கவரி வேனில் ஏறியிருக்கும்.

இதே பிளாக்கில் கம்பெனிக்காரனே எவ்வளவு எடுத்தான் என்று பாருங்கள். எர்டிகா, எஸ்எக்ஸ்4, சியாஸில் 90 குதிரை, 200 நியூட்டன் மீட்டர். ஃபியட் லீனியாவில் 93 குதிரை, 209. அந்த வண்டிகளில் டர்போ வேறு, உள்ளே இறக்கை திரும்பும் வகை. உங்கள் ஸ்விஃப்டில் இருப்பது திரும்பாத சின்ன டர்போ. ஆக, கம்பெனி சோதித்துப் பார்த்து வாரன்டி கொடுத்த எல்லை 209. அதற்கு மேல் போகிற ஒவ்வொரு எண்ணும் உங்கள் கைக்காசு.

அடுத்தது சூடு. ரீமேப் செய்பவருக்கு இரண்டு வழிதான் உண்டு. டீசலை முன்கூட்டியே பீச்சினால் அழுத்தம் ஏறும், ராடுக்கும் கேஸ்கட்டுக்கும் கேடு. தள்ளிப் பீச்சினால் அழுத்தம் குறையும், ஆனால் புகைபோக்கிச் சூடு ஏறும், பிஸ்டனுக்கும் டர்போவுக்கும் கேடு. பிஸ்டன் அலுமினியம். முந்நூறு டிகிரி தாண்டினாலே அது பலம் இழக்கத் தொடங்கிவிடும், உருகுவது வரை போகவே வேண்டாம். சமவெளியில் பத்து விநாடி மிதித்து விடுவதற்கும், சித்திரை வெயிலில் ஏசியும் போட்டுக்கொண்டு ஆரியங்காவு ஏற்றம் முழுக்க மிதித்தபடி போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பின்னால் கரும்புகை வருகிறதென்றால் காற்று போதாமல் டீசல் போகிறது என்று அர்த்தம். சிலர் அதைப் பெருமையாக வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

இதெல்லாம் நல்ல எஞ்சினுக்கு. உங்களுடையது நல்ல எஞ்சினா என்பதுதான் என் பெரிய கவலை. நீங்கள் வாங்கியது 2024 கடைசியில். 2023 டிசம்பர் 17, 18 மழையை மறந்திருக்க மாட்டீர்கள். தாமிரபரணி கரை மீறி வண்ணார்பேட்டை, சிந்துபூந்துறை, கைலாசபுரம், ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது. அப்புறம் பல மாதம் என் பட்டறைக்கு வந்த பாதி எஞ்சின் வெள்ளத்தில் நின்றவை. தண்ணீர் வடிந்ததும் ஆசையாகச் சாவியைத் திருப்பியிருப்பார்கள். சிலிண்டரில் இருக்கும் தண்ணீர் அமுங்காதே, ராட் வளைந்துவிடும். வளைந்த ராட் உடனே உடைந்துவிடாது. ஓடும். சத்தம்கூட வராது. அப்படி ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை விற்று, அதை வாங்கியவர் 260-க்கு ரீமேப் செய்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

எஞ்சினைப் பிரிக்காமலே பாதி கண்டுபிடிக்கலாம். நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள், பிஸ்டன் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்று தெரியும். உங்கள் எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் 17.6-க்கு 1. ராட் வளைந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் குட்டையாகிவிட்டால்கூட அந்தச் சிலிண்டர் 15-க்குக் கீழே வந்துவிடும், கேஜில் பளிச்சென்று தெரியும். ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு, ஆனால் காற்று ஏற்றிப் பார்த்தால் கசிவு இல்லை என்றால் ராட் மேல்தான் சந்தேகப்பட வேண்டும். வண்டியின் உள்ளேயும் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் வண்டல் கோடு தெரியும். கார்ப்பெட்டுக்குக் கீழேயும் சீட் தண்டவாளத்திலும் துருவும் மண்ணும் இருக்கும். விற்பவர்கள் வெளியே எவ்வளவு கழுவினாலும் அந்த இடங்களை விட்டுவிடுவார்கள்.

அதோடு ரேடியேட்டரில் கூலன்ட் இருக்கிறதா, வெறும் தண்ணீரா என்று பாருங்கள். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து வண்டிகளில் போர்வெல் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருப்பார்கள். பிளாக்கின் நீர்ப்பாதையில் உப்பு தடிப்பாகப் படிந்திருக்கும். அப்புறம் ரேடியேட்டர் புதிதாக இருந்தாலும் சிலிண்டர் சுவர் ஆறாது. அந்தப் பக்கம் தேரி மண்ணும் சேர்ந்துகொள்ளும். ஏர் ஃபில்டர் சரியாக உட்காராத வண்டிகளில் சிலிண்டர் போரின் மேல்பகுதி புனல்போல அகலமாகத் தேய்ந்து வந்திருக்கிறது. இந்த இரண்டும் பவர் ஏற்றாமலே எஞ்சினைத் தின்றுவிடும்.

ஓஎம்ஆர் நெல்லையன்:

அண்ணாச்சி, அருமையான பதிவு. ஒரு சந்தேகம். 1983-இல் நெல்சன் பிக்கே ஃபார்முலா ஒன் சாம்பியன் ஆனது பிராபம் வண்டியில். அதில் இருந்த பிஎம்டபிள்யூ 1.5 லிட்டர் டர்போ எஞ்சின், சாதாரணமாக ரோட்டில் ஓடும் காரின் இரும்பு பிளாக்கை வைத்துச் செய்ததுதானே? குவாலிஃபையிங்கில் ஆயிரம் குதிரைக்கு மேல் எடுத்ததாகச் சொல்கிறார்கள். டொயோட்டா சூப்ராவின் 2ஜேஇசட் எஞ்சினிலும் கம்பெனி பிளாக், கம்பெனி ராடோடு 600, 700 குதிரை ஓட்டுகிறார்கள். அப்படியென்றால் நம்ம 1.3 டீசல் பிளாக் 150 தாங்காதா?

ரீபோர் அண்ணாச்சி:

நல்ல கேள்வி தம்பி. பிக்கேயின் எஞ்சின் விஷயம் உண்மைதான். ஆனால் அது 10,000 ஆர்பிஎம்முக்கு மேல் சுற்றி எடுத்த பவர். சுற்று கூடினால் அதே டார்க்கிலும் குதிரை கூடும், மேலே சொன்ன கணக்குதான். அதோடு டர்போ அழுத்தத்தையும் ஏகமாக ஏற்றியிருந்தார்கள். குவாலிஃபையிங்குக்கு வைத்த எஞ்சின் சில சுற்று ஓடினால் போதும், அப்புறம் பிரித்துவிடுவார்கள். நம்ம பாளையங்கோட்டைத் தம்பிக்கு அப்படியா? மனைவியைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பி வர வேண்டும்.

சூப்ரா எஞ்சின் மூன்று லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், கிராங்கைத் தாங்க ஏழு மெயின் பேரிங். தடிப்பான வார்ப்பு. கொஞ்சமாகப் பவர் எடுக்க ரொம்பக் கனமாகச் செய்துவிட்டார்கள், அதன் மிச்சத்தைத்தான் ரசிகர்கள் அனுபவிக்கிறார்கள்.

எதிர்ப்பக்கமும் ஒரு உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஃபோர்டு 302 என்ற ஐந்து லிட்டர் வி8. அதுவும் இரும்பு பிளாக்தான். எடை குறைய வேண்டும் என்று மெலிசாக வார்த்தது. ராட், பிஸ்டன், கிராங்க் எல்லாம் பலமானதாகப் போட்டு 500 குதிரையைத் தாண்டினால் நடுவில் நீளவாக்கில் பிளாக் இரண்டாகப் பிளந்துவிடும் என்பது அங்கே ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இங்கே பிளாக்கேதான் எல்லை. ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் அதைவிடப் பலமாக்கிவிட்டார்கள்.

அதனால் ஒரு எஞ்சினின் எண்ணை இன்னொன்றின் தலையில் கட்டாதீர்கள். இரண்டும் இரும்பு என்பதால் இரண்டும் உறவு ஆகிவிடாது.

பாளையங்கோட்டைக்காரன்:

அண்ணாச்சி, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை. சீட் பெல்ட் சுத்தமாக இருக்கிறது, கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தோம், மண் இல்லை. கம்ப்ரஷன் நான்கிலும் ஒரு பார்கூட வித்தியாசம் இல்லாமல் வந்தது. மனசுக்கு நிம்மதி.

ஆனால் கூலன்ட் விஷயத்தில் நீங்கள் பயந்தது சரிதான். டேங்கில் நிறமே இல்லாத தண்ணீர். மூடியைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள் என்று மெக்கானிக் சொன்னார். டைமிங் செயினிலும் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது இரண்டு விநாடி சத்தம் வருகிறது. இந்த நிலையில் எவ்வளவு ரீமேப் செய்யலாம்? செய்யலாமா, விட்டுவிடட்டுமா?

ரீபோர் அண்ணாச்சி:

ராட் நேராக இருப்பது பெரிய விஷயம் தம்பி. கேட்க எனக்கே சந்தோஷமாக இருக்கிறது.

இப்போது ரீமேப் வேண்டாம். முதலில் நீர்ப்பாதையை இரண்டு தடவை ஃப்ளஷ் செய்து, புது தெர்மோஸ்டாட் போட்டு, கம்பெனி சொன்ன கூலன்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் வண்டி சூடாகாது என்று நம்ம ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. எஞ்சின் சரியான சூட்டுக்கே வராமல் ஓடினால் போர் சீக்கிரம் தேயும், டீசலும் கூடக் குடிக்கும்.

செயின் சத்தத்தை ஒதுக்கவே கூடாது. வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது அந்தச் செயின்தான். இந்த எஞ்சினில் மொத்த ஆயிலே மூன்று லிட்டரைச் சுற்றித்தான். அரை லிட்டர் குறைந்தாலும் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கு அழுத்தம் போதாது. செயின் பல் தாவினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், அதற்கு ரீமேப்பே தேவையில்லை. செயின், டென்ஷனர், கைடு மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். செயினை மட்டும் மாற்றிக் காசை மிச்சப்படுத்த வேண்டாம்.

இந்த இரண்டையும் முடித்து ஒரு தடவை புனலூர் போய்வாருங்கள். ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்து 2,200-க்கு மேலேயே வைத்து ஓட்டிப் பாருங்கள். இந்த டர்போ அங்கேதான் விழிக்கும். பாதிக் குறை அதிலேயே போய்விடும் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகும் வேண்டும் என்றால், ரீமேப் செய்பவரிடம் குதிரைக் கணக்கே பேசாதீர்கள். 210 நியூட்டன் மீட்டரைத் தாண்டக்கூடாது, அதுவும் 2,000-க்கு முன்னால் வரக்கூடாது, அங்கே மெதுவாக ஏற வேண்டும், எந்த ஆர்பிஎம்மிலும் கரும்புகை கூடாது என்று சொல்லுங்கள். எஞ்சின் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய ஃபைலைப் பத்திரமாக எடுத்து வைத்து உங்களிடமும் ஒரு நகல் தரச் சொல்லுங்கள். 260 போட்டால்தான் வித்தியாசம் தெரியும் என்று அவர் அடம்பிடித்தால், வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

குற்றாலச் சாரல்:

அண்ணாச்சி, 210 என்றால் பாளையங்கோட்டைக்காரருக்குப் பழைய கிளட்சே போதுமா, இல்லை அதையும் மாற்றச் சொல்லட்டுமா?

ரீபோர் அண்ணாச்சி:

1,42,000 ஓடிய கிளட்ச் என்றால் ரீமேப் இல்லாவிட்டாலும் மாற்றும் வயது வந்துவிட்டது. கியர்பாக்ஸை இறக்கும்போது ஃப்ளைவீல் முகத்தில் நீலம் பாய்ந்திருக்கிறதா, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் அப்போதே மாற்றிவிடுங்கள். சீல் விலை கொஞ்சம்தான், அதற்காக இன்னொரு தடவை கியர்பாக்ஸ் இறக்கினால் கூலிதான் அதிகம்.